பதினோரு நிமிடம்

கடைக்காரர் கபெம்ப்வா முதலில் கேட்டது
கையில் எவ்வளவு இருக்கிறது என்றல்ல.
"கரண்ட் போனபிறகு
எத்தனை நிமிடம் வேண்டும்?"

லுசாக்காவில் இப்படி யாரும் கேட்பதில்லை.
எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் இந்த வருடத்துப் பேச்சு.
கரிபா ஏரி அடிமண் தெரியக் கிடக்கிறது.
எங்கள் மட்டேரோவுக்கு
இரவு ஒன்றிலிருந்து நான்கு வரை.
தெருவே அப்போது எழுந்து சட்டை தேய்க்கும்.
லிகாண்டோ களி கிளறி மூடிவைத்துவிட்டு
மறுபடி படுத்துக்கொள்வான்.
நான் நீதிமன்ற ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு
தட்டச்சு செய்வேன், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
அந்த மூன்று மணி நேரமும்
சொன்னபடி முழுசாக இருப்பதில்லை.

"ஒரு வாக்கியம் முடிக்கிற நேரம்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் ஒரு மாட்டு வழக்கு.
"அந்த மாட்டை நான்" என்றார் சாட்சி.
திரை கறுத்தது.
கரண்ட் திரும்பியபோது
மாடும் இல்லை, அவரும் இல்லை,
அதற்கு முந்தைய பன்னிரண்டு பக்கமும் இல்லை.

கபெம்ப்வா ரசீதின் பின்பக்கத்தில்
இரண்டு அலை வரைந்தார்.
ஒன்று படிக்கட்டு, ஒன்று வழவழப்பான குன்று.
படிக்கட்டு விலை குறைவு.
சில கணினிகள் அதில் இடறி விழுமாம்.
பெட்டியின் முகத்தில் கொட்டை எழுத்தில் அறுநூற்றைம்பது.
"அது வி.ஏ. வாட் எவ்வளவு என்று பின்னால் பாருங்கள்."
முந்நூற்று அறுபது, எறும்பு அளவில்.
பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கும் என்பது
என் தொழிலில் தெரிந்ததுதான்.

நீல விளக்கு வைத்த ஒன்றை
ஏறக்குறைய எடுத்துவிட்டேன்.
கண்ணாடி மாதிரி முகம், எண்கள் ஓடின.
பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது காம்வாலா முழுவதும் கரண்ட் போயிற்று.

அலமாரியிலிருந்த ஆறு பெட்டிகளும்
ஒரே நேரத்தில் கத்தின,
மழைக்குப் பிந்தைய குட்டைத் தவளைகள் போல.
சார்ஜர் வாங்க வந்த பையன்
காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
யாரும் நகரவில்லை.
நான்காவது நிமிடம் ஒன்று அடங்கியது.
நீல விளக்கு.
"ஒரு வருடமாக விற்கவில்லை" என்றார் கபெம்ப்வா,
"பேட்டரி கிழடாகியிருக்கும்."
அவர் குரலில் வெட்கம் இருந்தது.
ஒவ்வொன்றாக ஓய, கடைசியில்
மூலையில் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த
சாம்பல் நிறப் பெட்டி மட்டும்
பிடிவாதமாகக் கத்தியது. பதினோரு நிமிடம்.
"ஒரு விளக்குதான் மாட்டியிருந்தேன்,
உங்கள் கணினி இன்னும் வேகமாகக் குடிக்கும்" என்றார்.
அதையே கேட்டேன்.
"அது விற்பதற்கில்லை" என்று ஆரம்பித்து
விலை சொன்னார்.

செங்கல் சுமை. மினிபஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
நடத்துநர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டான்.
"பிரிண்டரைச் சொருகாதீர்கள்!" என்று
கபெம்ப்வா ஜன்னல்வரை ஓடிவந்து சொல்லியிருந்தார்.

அன்றிரவு இரண்டேகாலுக்கே போனது.

காதில் ஒரு தீ வழக்கு.
"கதவை வெளியிலிருந்து பூட்டியது யார்?"
என்று வழக்கறிஞர் கேட்டு முடித்திருந்தார்.
சாட்சி பேசவில்லை.
பெட்டி கத்தியது. பத்து நொடிக்கு ஒரு தடவை.
மௌனத்தை ஓட்டிக் கடக்கக் கூடாது,
எவ்வளவு நேரம் என்று குறிக்க வேண்டும்,
அது எங்கள் விதி.
மொழிபெயர்ப்பாளர் தொண்டையைக் கனைத்தார்.
யாரோ காகிதம் புரட்டினார்கள்.
ஒரு வாக்கியத்துக்காக வாங்கிய கரண்ட்
வாக்கியமே இல்லாமல் செலவாகிக்கொண்டிருந்தது.
விரல்கள் விசைமேல் இருந்தன.
இரண்டு நிமிடம். மூன்று.
கத்தல் நெருங்கி நெருங்கி வந்தது.

"சரி, அடுத்த கேள்வி" என்றார் நீதிபதி.

சாட்சி பதில் சொல்லவில்லை,
நான்கு நிமிடம் பத்து நொடி
என்று அடித்தேன்.
சேமித்தேன். முறைப்படி அணைத்தேன்.

இருட்டில் பெட்டியின் பொத்தானைத் தடவித் தேடும்போது
படுக்கையிலிருந்து லிகாண்டோ,
"என்ன சொன்னான்?" என்றான்.

"இருக்கு" என்றேன். "பத்திரமா இருக்கு."