இரண்டு பெரியது, ஒரு சின்னது

மூடுபனி இறங்கிவிட்டால்
கிர்க்வாலிலிருந்து விமானம் எழும்பாது.
எர்லெண்ட் இஸ்பிஸ்டரின் இரத்தம்
ஊதா மூடி போட்ட குழாயில்
வியாழன் முழுக்க நிலையத்தில் கிடந்தது,
அவரே பிடித்த நண்டுகளின் பெட்டிக்குப் பக்கத்தில்.
இரண்டுமே அபர்டீன் போகவேண்டியவை.
நண்டுகளைத்தான் எல்லாரும் விசாரித்தார்கள்.

மருந்துச்சீட்டு திங்களன்றே வந்துவிட்டது.
உயரம், எடை, இரண்டிலிருந்தும் கணக்கிட்ட உடற்பரப்பு:
காலையில் நான்கு பெரிய மாத்திரை, இரண்டு சின்னது.
மாலையிலும் அப்படியே.
பதினான்கு நாள். பிறகு ஏழு நாள் ஓய்வு.
மூன்று முறை போட்டுப் பார்த்தேன்,
கணக்கில் பிழை இல்லை.

தோரா ஃப்ளெட்டின் கணக்கிலும் பிழை இருக்கவில்லை.
தபால்காரி. அறுபத்தொரு வயது.
பையை நான்தான் கொடுத்தேன்.
மழை நிற்கட்டும் என்று
மருந்தகக் கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள்.
ஆறாம் நாள் வாயெல்லாம் புண்.
எட்டாம் நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை.
பதினேழாம் நாள் முதல்
அவள் தெருக்களில் வேறொருவர் கடிதம் போட்டார்.
மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதி
அவள் உடம்பில் இல்லவே இல்லை என்று
அப்புறம் தெரிந்தது.

அப்புறம் என்ற சொல்
அன்றிலிருந்து எனக்கு ஆகாது.

முடிவு வராமல் முதல் பை வெளியே போகாது:
விதிப்புத்தகத்தில் இந்த ஒற்றை வரி ஏறுவதற்கு
மூன்று வருடம்
ஆறிப்போன தேநீர் குடித்தேன்.

"கட்டி காத்திருக்காது, இங்கா,"
என்றார் டாக்டர் ஹாக்ரோ, தொலைபேசியில்.
"தெரியும்," என்றேன்.
அவர் சொன்னதும் உண்மை, நான் சொல்லாததும் உண்மை.
கூரையில் கடற்பறவை ஒன்று
யாருடைய பக்கமும் சேராமல் கத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காற்று திரும்பியது.
புதன்கிழமை முடிவு.
நீளமான ஒரு மரபணுவில் ஓரெழுத்து மாறியிருந்தது.
தாயும் தகப்பனும் ஆளுக்கொன்றாய்க் கொடுத்ததில்
ஒன்று வேலை செய்யாது.
நான்கை அடித்து இரண்டு என்று எழுதினார் டாக்டர்.
இரண்டை அடித்து ஒன்று.

"பாதி மருந்துக்குப் பாதி குணமா?"
எர்லெண்டின் முகம் சிவந்துவிட்டது.
"பாதி எடை போட்டு நண்டு விற்றால்
என்னை விடுவார்களா?"

"படகில் நீர் இறைக்க எத்தனை பம்பு?"
"இரண்டு."
"ஒன்று பழுதானால் எவ்வளவு தண்ணீர் தாங்கும்?"
பதில் சொல்லாமல்
தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எப்போதிலிருந்து பழுது?"
"பிறந்ததிலிருந்து."
"அறுபத்தேழு வருடமாகத் தெரியாமலே ஓட்டியிருக்கிறேன்,"
என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"கூடப்பிறந்தவர்களிடமும் சொல்லுங்கள்," என்றேன்.
"ஒரு தங்கை. மெர்ரன்.
வேலித் தகராறு. பதினோரு வருடமாகப் பேச்சில்லை."
இதற்கு என் புத்தகத்தில் அளவு எதுவும் இல்லை.
பையை ஒட்டி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.
வெளியே வெயில். கதவருகே நிற்காமல் போய்விட்டார்.

ஆறாம் நாள் நான் அழைத்தேன்.
"வாய்?" "நன்றாக இருக்கிறது."
எட்டாம் நாளும் அழைத்தேன்.
"உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்றார்.
பதினேழாம் நாள்
அழைக்கக்கூடாது என்றிருந்தேன். அழைத்தேன்.
எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார்.

இரண்டு சுற்று முடிந்தது.
உள்ளங்கை லேசாகத் தோலுரிந்திருந்தது, அவ்வளவுதான்.
வெள்ளணுக்கள் தாக்குப்பிடித்திருந்தன.
டாக்டரிடம் பேசி
ஒரு சின்ன மாத்திரை கூட்டினோம்.
கட்டி என்ன நினைக்கிறதோ,
அது ஸ்கேன் வந்தால்தான் தெரியும்.

"தங்கையிடம் சொன்னீர்களா?"
"கடிதம் போட்டேன்."
"என்ன எழுதினீர்கள்?"
தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.
"பம்பைப் பற்றி மட்டும்."