செல்லாத ஒன்று

எங்க பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சி கிடையாது,
சின்னம் மட்டும்தான்.
வழுக்கைத்தலை வீட்டுக்காரருக்குச் சீப்பு.
கதவே அடைக்காத எங்க அண்ணனுக்குப் பூட்டு சாவி.
சிரித்துச் சிரித்துத்தான் தொடங்கினது.
கடைசிப் பத்து நாள்
இவர் மோட்டார் தண்ணீர்
அவன் வாழைக்குப் போகவில்லை.

நாங்குநேரியில் வைத்து எண்ணினார்கள்.
நானூற்றுப் பதினேழு,
நானூற்றுப் பதினேழு.
செல்லாதது ஒன்று:
சீப்பிலும் குத்தி, சாவியிலும் குத்தி,
அழுத்தமாய்.
சீட்டுக் குலுக்கியதில் அண்ணன் பெயர் வந்தது.

"எந்தக் கூறுகெட்ட மூதி அது?
ஒண்ணுல குத்தித் தொலைச்சிருந்தா..."
தெருத்தெருவாய்ப் பெயர் எடுத்துப் பார்க்கிறார்:
கொம்பையா, இசக்கிபாண்டி, மேலத்தெரு லீதியாள்.

அண்ணன் தெருவில் வேட்டுச் சத்தம்.
நாய் கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டது.
ரசம் ஊற்றினேன்.
உப்பு தூக்கல் என்றார்.