இரண்டு ஃபியூஸ்

கருவாரு நகரில் முட்டை விற்கும் வண்டி.
கூரையில் நான்கு ஒலிபெருக்கி,
பானட்டுக்குள் புது ஆல்டர்னேட்டர்,
இருநூற்றிருபது ஆம்பியர்.

"முந்நூற்றைம்பது போடு, ஃபியூஸ் போகவே போகாது"
என்கிறான் கடைக்கார டோர்ஜிவல்.
ஜுசிலெய்டி கம்பியைத்தான் பார்க்கிறாள்.
முந்நூறுதான் தாங்கும் அது.
மீறினால் எது உருகுவது
என்று இப்போதே சொல்லியாக வேண்டும்:
ஃபியூஸா, கம்பியின் தோலா,
பின்னால் அட்டை அட்டையாய் அடுக்கிய முட்டையா.

இருநூற்றைம்பதில் இரண்டு கேட்டாள்.
"இரண்டு எதற்கு?"
"போகத்தானே வாங்குறேன்."

பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் முடுக்கினாள்.
ஆல்டர்னேட்டர் தன் அளவில் நின்றுவிடும்;
பாட்டரிக்குக் கோபம் வந்தால் கணக்குத் தெரியாது.

சாவியைத் திருப்பினாள்.
முப்பது முட்டையின் விலை
தெரு முழுக்க அலறியது.
நிழலில் கிடந்த நாய்
எழுந்து இடம் மாறிப் படுத்தது.