எண் எழுது

இருபத்தேழு கட்டம் இருந்தது என் முதல் தாளில்.
சூப்பர்வைசராகச் சேர்ந்த வாரமே
ராயபுரத்து ஜெராக்ஸ் கடையில் கட்டாகப் பிரதி எடுத்து
கிளிப் அட்டையில் செருகி
கம்ப்ரசருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.
பேனாவை நூலில் கட்டினேன்.
ஆள் ஓடினால் வேறு ஆள் வருவான்,
பேனா ஓடக் கூடாது.

உப்புத்தண்ணித் தொட்டியின் குளிர்,
அமோனியா அழுத்தம், எண்ணெய் மட்டம்,
வால்வு, கேன் கசிவு, கொக்கிச் சங்கிலி,
பூட்ஸ், தரை, குப்பை, கதவு, இன்னும் என்னென்னவோ.
மணிக்கொரு முறை பார். டிக் அடி.

காசிமேட்டில் எந்த ஐஸ் ஆலையிலும்
அப்படி ஒரு தாள் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.
முதல் மாதம்
பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் டிக்.
ஒன்றுகூடத் தவறவில்லை.
முதலாளி முதுகில் தட்டினார்:
"ஆளுங்கள மேய்க்கத் தெரியுதுய்யா உனக்கு."

ஒரு ராத்திரி தூக்கம் பிடிக்காமல்
பைக்கை எடுத்துக்கொண்டு போனேன், மணி இரண்டரை.
நான்கு மணியின் டிக்
எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.
ஐந்துக்கும். ஆறுக்கும்.
கடல் பக்கம் கும்மிருட்டு,
தாளில் மட்டும் நீல மசியில்
விடிந்து முடிந்திருந்தது.

பாலாசோர்க்காரன் பிரசன்ன ஜேனாவுக்குத்
தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.
இருப்பதிலேயே சுத்தமான தாள் அவனுடையது.

கத்தினேன்.
சூசைவியாகுலம் கொக்கியை விடாமலே சொன்னார்:
"அல்லாத்தையும் பாத்துட்டு வந்தா
நாப்பது நிமிசம் ஆவுது சார்.
அப்பால பாரை யாரு தூக்கறது, நீ தூக்குவியா?"

மறுநாள் கடிகாரத்தோடு நானே சுற்றினேன்.
நாற்பத்திரண்டு நிமிடம்.
இரண்டு நிமிடம் எனக்குச் சலுகை தந்திருக்கிறார்.

தடைக்காலம் வந்தது.
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்க
ஆலை அரைமூச்சில் ஓடியது.
உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன்.
பூட்ஸ், குப்பை, கதவு, யாரையோ மிரட்ட எழுதியதெல்லாம்.
ஒன்பது மிஞ்சியது.
டிக் வேண்டாம், முள் காட்டும் எண்ணை எழுதுங்கள் என்றேன்.
சொற்களுக்குப் பக்கத்தில் படம் போட்டேன், ஜேனாவுக்காக.
என் பிரஷர் மீட்டர் நுங்கு மாதிரி இருக்கிறதாம்.
இரண்டு ஷிப்ட் சிரித்தது.

அடியில் ஒரு வரி:
இன்று எது சரியில்லை?

பதினோரு நாள் யாரும் தொடவில்லை.
பன்னிரண்டாம் நாள் வட்டம் வட்டமாக ஒடியாவில் ஏதோ.
என்னடா இது என்றேன்.
கையைப் பிடித்து இழுத்துப்போய்
கிழக்கு வால்வின் அடியில் என்னை நிறுத்தினான்.
சொல்லத் தேவையிருக்கவில்லை.
கண் எரிந்தது.

நானூறு ரூபாய் கேஸ்கட்.
முதல் மாதத் தாள்களைத் தேடி எடுத்து எண்ணினேன்.
அந்த வால்வுக்கு நேரே
எழுநூற்றிருபது டிக்.

அதன் பிறகு தினமும் ஏதாவது வந்தது.
ஓய்வறை ஃபேன் சுத்தல.
கிளவுஸ் ஓட்டை, இடது கை.
போன மாச ஓ.டி. வரல.

இதில் ஒன்றுகூட அவர்கள் வேலை இல்லை.
அதே ஆணியில் இன்னொரு தாள் மாட்ட வேண்டியதாயிற்று,
மேலே என் பெயர் போட்டு.
சரிபார்ப்பவர்: சூசைவியாகுலம்.

ஃபேன் சுற்றியது. பார்த்தார், கையெழுத்திட்டார்.
கிளவுஸைப் போட்டு
விரல்களை மடக்கி நீட்டி, அதற்கும் போட்டார்.
ஓ.டி. பற்றிக் கேட்டதற்கு
முதலாளி ஃபோனில் இருந்து தலைதூக்காமல்
பாக்கலாம் என்றிருந்தார்.
பாக்கலாம் என்று கட்டத்தில் எழுதி வைத்தேன்.

சூசைவியாகுலம் மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தார்.
அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.
நூல் எட்டும் மட்டும்
பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"எண் எழுது சார்."