அரை மில்லிமீற்றர்

முப்பத்தொரு வருடம்
நில அளவையாளர்களுக்குச் சங்கிலி பிடித்தவன் நான்.
சிவப்பும் வெள்ளையும் பூசிய கோலைத் தோளில் போட்டு
பொகவந்தலாவைச் சரிவுகளில்
"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், அங்கமுத்து" என்ற குரலுக்கு
இடப்பக்கம் போனவன்.

போன இடமெல்லாம் முழங்காலில் பதிந்துவிட்டது போல.
ஏற்றத்தில் முனகும்.
இறக்கத்தில் கத்தும்.
மலை தெரியாதவர்கள் ஏறுவதுதான் கஷ்டம் என்பார்கள்;
இறங்கியவனுக்குத்தான் தெரியும்
முழு உடம்பும் எங்கே வந்து குந்துகிறதென்று.

லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு நூற்றுப் பதினான்கு படி.
கடைசி இரண்டு வருடம்
ஏணியில் இறங்குகிறவன் மாதிரி
முதுகைக் காட்டித்தான் இறங்கினேன்.
படிகளின் பாசியை அவ்வளவு கிட்டத்தில்
வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக்கி
'அங்கமுத்து இறக்கம்' என்று பேரும் வைத்தார்கள்.
நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

கண்டியில் டொக்டர் அபேநாயக்க
திரையை என் பக்கம் திருப்பினார்.
என் எலும்பு.
ஸ்கேன் எடுத்து, சுற்றிச் சுற்றிக் கோடு போட்டு,
மேட்டுக்கு ஒரு நிறம், பள்ளத்துக்கு ஒரு நிறம்.
இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.
"உள்பக்கம் மண் சரிஞ்சிருக்கு, சேர்" என்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

வெட்டுவது ரொபோவா என்று கேட்டாள் மருதாயி.
"வெட்டுவது நான்தான், அம்மா.
அது வாளைப் பிடித்துக்கொள்ளும்.
குறித்த எல்லைக்கு வெளியே என் கையைப் போக விடாது."

எல்லை எனக்குப் பழகிய சொல்.
திங்கட்கிழமை நட்ட கல்
அடுத்த திங்களுக்குள் நாலு முழம் நடந்துபோயிருக்கும்.
யார் கை என்று எல்லோருக்கும் தெரியும்,
எவரும் சொல்ல மாட்டார்கள்.
இங்கே என்னவென்றால் ஓர் இரும்புக் கை
நல்ல எலும்புக்குக் காவல் நிற்கிறது.

பணம்:
சேமலாப நிதியில் கிடைத்தது பாதி,
சுகந்தி சைப்ரஸிலிருந்து அனுப்பியது மீதி.
இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

முதுகில் ஊசி. அரைத் தூக்கம்.
துணித் திரைக்கு அப்பால் ஸ்டோர் மெஷின் போல ஓர் இரைச்சல்.
தொடையெலும்பில் ஒரு கோல் நடுவார்கள்,
கீழெலும்பில் இன்னொன்று,
கேமரா அவற்றைப் பார்த்து இடம் குறிக்கும் என்று
முன்பே சொல்லியிருந்தார்கள்.
கோல் பிடிக்க ஆள் வேண்டாம்.
அன்றைக்கு நானே நிலம்.

மறுநாள் காலை தம்மிகா மிஸ் எழுப்பி நிறுத்தினார்.
வலித்தது. வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
ஆனால் இது தையலின் வலி,
நாளுக்கு நாள் தேய்கிற வலி.
பழையது எலும்பை எலும்பு மெல்லும் வலி;
அதைத் தேடினேன், காணோம்.
மூன்றாம் நாள் மரத்தால் செய்த இரண்டு படியில்
ஏற நல்ல கால் முதலில்,
இறங்கப் புதுக்கால் முதலில்.
இரண்டே படி. எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் கோல் பிடித்து அளந்த மலைகளில்
ஒரு பேர்ச் எனக்கில்லை.
ஏழு பேர்ச் தருவதாகச் சொன்ன கடிதம்
அலுமாரியில், பொலித்தீன் உறைக்குள் இருக்கிறது.
அளக்க இன்னும் எவரும் வரவில்லை.
எனக்கென்று அளந்து, எனக்கென்று வெட்டி,
அரை மில்லிமீற்றர் பிசகாமல் கையில் கொடுத்தது
இந்த முழங்கால் ஒன்றுதான்.

ஒன்பதாம் வாரம்
முகத்தை முன்னால் வைத்து இறங்கினேன்.
அறுபதாவது படியில் நின்றது வலியால் அல்ல;
கீழே கெசல்கமுவ ஓயா
இரண்டு வருடமும் அங்கேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஏமாற்றம்.
ஒரு பயல் மட்டும் விடாமல்
முதுகைக் காட்டி இறங்கிக்கொண்டிருந்தான்.
"டேய், திரும்புடா" என்றேன்.
"நீங்க மட்டும் திரும்பிட்டீங்களே" என்றான்,
குற்றம் சொல்கிற மாதிரி.