பாம் என்றால் இடது

கவிழ்த்து வைத்தால்தான்
டிஸ்க் சுற்றும் எங்கள் கடைக் கன்சோலில்.
லென்ஸ் தேய்ந்துவிட்டது.
பற்பசை தடவித் துடைத்த பர்மா பஜார் டிஸ்க்குக்கு
அந்த மரியாதையே அதிகம்.
பாபுராவ் தெரு, லாட்ஜுக்கு அடியில்.
அரை மணிக்கு எட்டு ரூபாய், ஒரு மணிக்குப் பதினைந்து.
கரண்ட் போனால் காசு வாபஸ் இல்லை.

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுகிறவர்கள்
காற்றில்லாத ஒரு வானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்,
இருபத்தொரு அங்குலம்,
இடது மூலையில் கொஞ்சம் பச்சையாகத் தெரியும்.

பிதான் வந்தது கத்திரி தொடங்கிய மூன்றாம் நாள்.
ஊர் பாங்குராவோ அதற்குப் பக்கத்திலோ.
அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் ஏதோ டெஸ்ட்.
அது முடிந்தால் இன்னொரு டெஸ்ட்.
சட்டைப்பையில் மடித்த ரசீதுகளுக்கு நடுவிலிருந்து
பத்து ரூபாய்த் தாளை உருவுவான்,
ஒரு ரசீதும் நழுவாமல்.
எனக்குப் பெங்காலியில் எண்கள் தெரியும்.
கல்லாவுக்கு அது போதும்.

ஆறாவது மிஷன்.
சிவப்பில் கூட்டல் குறி போட்ட பெரிய கப்பல்
கல் மிதக்கும் வெளியில் ஊர்ந்து வரும்.
அதற்குத் துப்பாக்கி கிடையாது.
காவலுக்கு இரண்டே விமானம்: அவன் ஒன்று, நான் ஒன்று.
உள்ளே யார் என்று காட்டமாட்டார்கள்,
ஓரத்தில் ஓர் எண் மட்டும், 412.
அடி விழ விழ இறங்கும்.

முதல் நாள் கத்தினான்: பாம்! பாம்!
குண்டாக்கும் என்று நான் வலப்பக்கம் ஒடித்தேன்.
பாறை.
திரை முழுக்க வெள்ளை.
பாம் என்றால் இடதாம்.
டான் என்றால் வலது.
தலையில் அடித்துக்கொண்டு சிரித்தவன்
வாட்டர் பாட்டிலைத் தட்டிவிட்டு
என் லுங்கியாலேயே துடைக்கப் பார்த்தான்.

அவனுக்கு ஒரு வியாதி:
எதிரியின் வால் தெரிந்தால் போதும், துரத்துவான்.
ரேடாரில் அவன் புள்ளி விளிம்பைத் தாண்டும்.
இங்கே கப்பல் தனியாக அடி வாங்கும்,
முந்நூறு, இருநூற்றுப் பத்து, எண்பது.
துரத்தாதே என்பதற்கு என்னிடம் வார்த்தை இல்லை.
சட்டையைப் பிடித்து இழுப்பேன்.
பதினேழு நாள் இழுத்தேன்.

பதினெட்டாம் நாள், புதன்கிழமை,
அவன் யாரையும் துரத்தவில்லை.
கப்பலின் வயிற்றோடு ஒட்டியே பறந்தான்,
வருகிற குண்டுக்கெல்லாம் தன் இறக்கையைக் கொடுத்து.
கத்தவும் இல்லை.
பாம் டான் எல்லாம் நான்தான் கத்தினேன்.
எண் முப்பத்தேழில் நின்றது. வாசல் திறந்தது.
பி, டி, என் என்று மூன்று எழுத்து போட்டு
மெமரி கார்டில் சேமித்தான்.
இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது.
முழு மணிக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் வரவில்லை.
ராத்திரியே காலி செய்துவிட்டார்கள் என்றார்
லாட்ஜ் மேனேஜர் பூபாலன்.
ரெண்டு பேருமா, ஒருத்தரா?
வரும்போதுதான்பா தலையை எண்ணி எழுதுவோம் என்றார்.
போகும்போது சாவியை மட்டும்தான் எண்ணுவார்களாம்.

கார்டில் பதினைந்து கட்டம்தான்.
சைதாப்பேட்டை பாஸித் வந்து
கால்பந்து சீசனுக்கு ஒரு கட்டம் கேட்டான்.
மூணாவதுல யாரு, அழிச்சிடவா?
என்னுடையதை அழித்துக் கொடுத்தேன்.
ஒன்பதாவது மிஷன் வரை போயிருந்தேன்.

போன வாரம் காட்பாடி ரோட்டில்
ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு ஒரு குடும்பம்.
ஸ்கேன் கவரைக் குடையாகப் பிடித்த பெரியவர்
டிரைவரிடம் கத்தினார்: பாம்! பாம்!
டிரைவர் நேராகப் போனான்.
என் டிவிஎஸ்தான்
தானாக இடப்பக்கம் திரும்பி
இளநீர்க்காரன் தள்ளுவண்டியில் முட்டி நின்றது.
ரெண்டு காய் உடைந்தது.
அதற்கும் காசு கொடுத்தேன்.