கீழ்ப்பாதி சாம்பல்

ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான் டோமினிக்,
வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவே
பாலிதீன் பைக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்.
"குளிர வெச்சா எழுந்துக்கும்னாங்கக்கா."
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
சீரியல் நம்பரின் மேல் ஒட்டியிருந்த
மீன் செதிலை நகத்தால் எடுத்தேன்.
ஃபேனுக்குக் கீழே ரெண்டு மணி நேரம் காயட்டும் என்றேன்.
"ரெண்டு மணி நேரமா?
நாலு மணிக்கு பாடி எடுக்குறாங்க."

காசிமேட்டில் அவனுக்கு ஃபிளெக்ஸ் கடை.
பத்து வருஷ முகங்கள் இதற்குள்.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு,
கேரம் கோப்பையோடு நாலு பையன்கள்,
கட்சி மாறியவர்கள், மாறுவதற்கு முன்பும் பின்பும்.
அப்புறம் கண்ணீர் அஞ்சலி.
அதே சட்டை, அதே சிரிப்பு,
பின்னால் ரோஜாவை எடுத்துவிட்டு மெழுகுவத்தி.

இன்றைக்குக் கோதண்டம். ஐம்பத்திரண்டு.
லாஞ்சில் ஐஸ் ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்தவர்.
வீட்டில் எல்லார் போனிலும் தேடிவிட்டார்கள்,
கிடைத்ததெல்லாம் முதுகு, அல்லது மூடிய கண்.
நல்ல படம் ஒன்றே ஒன்று,
மகள் சடங்கு பேனருக்கு டோமினிக்கே எடுத்தது.

இணைத்தேன்.
டிக். டிக்.
ஒரு நீண்ட இழுப்பு.
டிக்.
தலை தன் தடத்தைத் தேடுகிறது,
கிடைக்காமல் ஓரத்துக்கு ஓடுகிறது,
மறுபடி முதலிலிருந்து வருகிறது.

மவுஸை நோக்கி வந்த அவன் விரலைத் தட்டிவிட்டேன்.
"ஆசைப்பட்டு ஒண்ணொண்ணா தொறந்தா
அதோட போயிடும்.
மொத்தமா நகல் எடுக்கணும்."
தகராறு பண்ணாத இடத்தை முதலில் படி.
முரண்டு பிடித்தால் தாண்டிப் போ.
கடைசியில் வால் பக்கமாக வந்து
இன்னொரு தரம் கேட்டுப் பார்.
நிரலுக்கு அவ்வளவுதான் சூட்சுமம்.
பாக்கி வைத்தவர்களிடம்
நானும் அப்படித்தான்.

துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றுக்கும்
மேசை நடுங்கியது.
கேட்காமலே டோமினிக்
ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான்,
டிஸ்க்குக்கு அடியில் வைக்க.
வெறுங்காலோடு வாசலில் நின்று
வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
ஒரு மணிக்கு கரண்ட் போய்
யுபிஎஸ் கத்தியபோது
மாதா பேரைச் சொன்னான்.
பேட்டரி போன மாசம்தான் மாற்றியது, பயப்படாதே என்றேன்.
மாற்றியது போன வருஷம்.

இரண்டரைக்குத் தொண்ணூற்றொரு சதவீதம்.
ஆட்கள் வந்தார்கள், பெயர்கள் வரவில்லை.
எல்லா ஃபைலுக்கும் வெறும் எண்.
"இவ கொருக்குப்பேட்டைல கீறா.
இவன் துபாய்.
இவங்களும் போயிட்டாங்க.
இது... இது யாருன்னே தெரிலக்கா.
நான்தான் எடுத்திருப்பேன்."
ஒரு கல்யாண ஜோடியில் நின்று சிரித்தான்,
பிறகு வேகமாக அடுத்ததற்குப் போனான்.

வந்தார் கோதண்டம்.
நெற்றி, மீசை,
வெட்கப்பட்டுச் சிரிக்கிற பெரிய ஆளின் சிரிப்பு,
சட்டையின் மூன்றாவது பொத்தான் வரை.
அதற்குக் கீழே சாம்பல்.
ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல்.
வலது கை எதன் மேலோ இறங்கி
அந்தச் சாம்பலுக்குள் போயிருந்தது.
மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இடம்.

"போதும்க்கா. அங்கதான் எழுத்து வரும்."
ஒரு நீலப் பட்டையை இழுத்துவிட்டான்,
பிறந்த தேதி, போன தேதி, மனைவி, மக்கள்,
மற்றும் படகு நண்பர்கள்.
நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில்
செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

சாயங்காலம் தண்டையார்பேட்டை வரை
பறைச் சத்தம் வந்ததா, அது வேறு சாவா, தெரியவில்லை.
ஷட்டரை இறக்கினேன்.
டிஸ்க்கை நிறுத்தவில்லை.
படிக்காத பகுதி கொஞ்சம் மிச்சம்,
யாரும் கேட்காத பகுதி.
மூன்றாவது சுற்று ஓடட்டும்
என்று விட்டுவிட்டேன், செருப்பின் மேல்.

காலையில் டிக் இல்லை.
ராத்திரி எப்போதோ நின்றிருந்தது.
நிற்பதற்கு முன் எதையோ கொடுத்திருக்கிறது.
அதே படத்தைத் திறந்தேன்.
பதினாறு வரி கூடியிருந்தது,
ஒரு விரல் அகலப் பட்டை.
அவர் உள்ளங்கையின் ஓரம்.
அதற்குக் கீழே
கொஞ்சம் கனகாம்பரம்.

டோமினிக்குக்குப் போன் போட்டேன்.
"காசு நாளைக்குக்கா" என்றான்
நான் வாயைத் திறக்கும் முன்.